நான்கு மில்லிகிராம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்; இல்லையென்றால் சொல். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, உன் விடுதி ஆபீஸில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள், இனிமேல் கடிதம்தான் என்று சட்டம் போட்டாய். சரி. ஆனால் எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் ஒரு பூனைக்குட்டி. எங்கள் தராசுப் பட்டறையில் ஒரு தாய்ப்பூனை உண்டு. மேஜை மேஜையாக ஏறி எல்லார் வேலையையும் பார்த்துவிட்டுப் போவதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர். பழைய தராசுகளை அடுக்கி வைத்திருக்கும் அறையில் மூன்று குட்டி போட்டது. இரண்டைக் கவ்விக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. ஒன்றை விட்டுவிட்டது. ஏன் விட்டது என்று பார்த்தாலே தெரிகிறது. நாலடி நடந்தால் மூன்று தடவை விழுகிறது. தலை ஒரு பக்கம் போகிறது, பின்னங்கால் இன்னொரு பக்கம் போகிறது. கண்ணில் பீளை, மூக்கில் சளி. லேத் மெஷினில் வேலை செய்யும் அண்ணன் அதற்குக் 'குடிகாரன்' என்று பெயர் வைத்துவிட்டார்.

சொட்டுக்குழாயால் பால் புகட்டுகிறேன். காலையில் வந்ததும் எடை போடுகிறேன். இன்று 290 கிராம். எழுதுவது சுலபம், எடுப்பது சுலபமில்லை. அதன் நடுக்கம் நிற்காததால் திரையில் எண் நிற்பதில்லை. 286, 293, 289 என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பத்து எண்ணைக் குறித்துச் சராசரி போடுகிறேன்.

ஜூலை 31ஆம் தேதி பட்டறை வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. புது இடத்தில் மிருகம் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். துல்லியத் தராசின் தட்டில் ஒரு முடி விழுந்தாலும் எடை மாறும். அவர் சொல்வது நியாயம். அதற்குள் யாராவது குட்டியை எடுத்துப்போக வேண்டும். யாராவது என்றால் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். காலை ஏழுக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத் திரும்புகிறவன் நான். மாடி அறை, செங்குத்தான படிக்கட்டு. எனக்கு விருப்பமில்லை. நீ என்ன சொல்கிறாய்? இரண்டு வரியில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 11

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

அக்கா சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடி ஏறும்போது முனகுகிறது. வார்டன் வேலை எப்போதும்போல; விடுதியில் நூற்று இருபது பெண்கள். பாதிப் பேருக்குச் சளி, மீதிப் பேருக்குப் பரீட்சை வருவதால் சளி மாதிரி ஒன்று. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நின்றுகொண்டே சாப்பிடுவதை விட்டாயா?

இரண்டு வரியில் கேட்டாய். தரமாட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் பஸ் டெப்போ குடியிருப்பு ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாவது வரிசை, கடைசி வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழுதாகி நிற்கிற பஸ்ஸில் ஏறி விளையாடுவோமே. நான் பயணி, நீ கண்டக்டர். நான் சொன்ன ஊர் வருவதற்குள் விசில் ஊதி என்னை இறக்கிவிடுவாய். வெயிலில் சூடான அந்த சீட்டின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. அப்பா டூட்டி முடிந்து வரும்போது நாம் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருப்போம். அவர் ஹார்னை ஒரு தடவை அடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி நடந்து போவார்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன். உன்னைக் கேட்டார். "அவன் எப்படி இருக்கான்" என்று நேராகக் கேட்க மாட்டாரே. "அங்கெல்லாம் மழையா" என்று கேட்டார். மழை என்று சொல்லி வைத்தேன்.

குட்டி விஷயம்: வேண்டாம். எடுக்காதே. உடம்பு சரியில்லாததை வீட்டுக்குக் கொண்டுவர ஆசை மட்டும் போதாது. விவரம் தெரிந்த யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலுக்கு டாக்டரைப் பார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதே.

கையெழுத்து உன்னுடையதாக இருப்பதால் நீதான் எழுதினாய் என்று நம்ப வேண்டியிருக்கிறது. 'வேண்டாம்' என்று நீயா சொல்கிறாய்? குடியிருப்பில் நொண்டி நாய்க்கெல்லாம் தனித்தட்டு வைத்தவள் நீ.

டெப்போ ஞாபகத்தை நீ ஆரம்பித்தாய், நான் முடிக்கிறேன். எனக்கு ஒன்பது வயசு. சாப்பாட்டுப் பையில் ஒரு வெள்ளைக் குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தேன். தும்மிக்கொண்டே இருந்தது. நீ அதற்கு மாவு என்று பெயர் வைத்தாய். அலமாரிப் பக்கத்தில் அட்டைப்பெட்டி, அதில் உன் பழைய பாவாடை. உன் உள்ளங்கையைச் சூடாக்கி அதன் வயிற்றில் வைப்பாய், உடனே கண்ணை மூடிவிடும். மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடித்தான் வந்தேன். நான்காம் நாள் காலையில் எழுந்தால் பெட்டி இல்லை. அப்பா பல் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மீன் மார்க்கெட்ல விட்டுட்டேன். அங்க நல்லா சாப்பாடு கிடைக்கும்." அவ்வளவுதான். வாயைக் கொப்பளித்துவிட்டு டூட்டிக்குப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டைச் சுற்றினேன்! நீயும் கூட வந்தாய். இரண்டு பேரும் "மாவு, மாவு" என்று கூப்பிட்டுக்கொண்டு போவோம். மீன் வெட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் அவருக்கும் பேச்சுக் குறைந்தது அப்போதுதான். மற்ற காரணமெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. அதனால் அங்கே மழையா வெயிலா என்று எனக்கு எழுதாதே.

குட்டியை மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் காட்டினேன். தாய் வயிற்றில் இருக்கும்போதே மூளையில் ஒரு பகுதி வளரவில்லையாம். "இது குறையாது, கூடவும் கூடாது. இப்படியே நடக்கும், இப்படியே விழும், இப்படியே பல வருஷம் இருக்கும். பார்த்துக்க ஆள் வேணும், அவ்வளவுதான். ஆள் இல்லைன்னா அடுத்த மாசக் கடைசியில கொண்டுவாங்க, வலியில்லாம ஊசி போட்டு முடிச்சுடலாம். தெருவுல விட்டா ஒரு நாள் தாங்காது." சளிக்கும் கண்ணுக்கும் மட்டும் மருந்து கொடுத்தார்.

எங்கள் வேலையில் ஒரு தராசு வந்தால் இரண்டே வழி. சரிசெய்து முத்திரை வைப்போம். முடியாவிட்டால் நிராகரிப்பு என்று எழுதி ஓரம்கட்டுவோம். 'இப்படியே இருக்கும்' என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. ஆகவே இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அப்பா மாதிரி பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்ய மாட்டேன்.

இன்று 395 கிராம். பதில் போடு.

தம்பி


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. நான் அவசரப்படுகிறேன் என்று சொல்வாய். பதினெட்டு நாளில் இந்த நாட்டில் ஒரு கடிதம் ஆறு தடவை போய் வரும்.

நான் அப்பாவைப் பற்றி எழுதியது பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று எழுது. மௌனத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குச் சொல்லித் தரவில்லை.

குட்டி 510. ஒன்றுக்கு இரண்டுக்குப் போக லேத் அண்ணன் மரத்தூள் தட்டு ஒன்று செய்து கொடுத்தார். அதில் போய் உட்கார்ந்து, வேலை முடிவதற்குள் சாய்ந்து, மரத்தூளோடு எழுந்து வருகிறது. "நம்ம ஆளு கடையை மூடிட்டு வர்றாரு பாரு" என்கிறார். முதலாளி சிரிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். இருபத்தைந்து நாள் பாக்கி.

உடனே எழுது.

தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அப்பா வீட்டிலிருந்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிறார். சொன்னால் கேட்பதில்லை. உன்னைப் பெற்றவர்தானே.

பரீட்சை வேலையில் எழுத முடியவில்லை. வேறொன்றும் இல்லை. மார்க்கெட்டைச் சுற்றியதெல்லாம் உனக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குத் திரும்புகிறேன். கடிதத்தை அங்கேயே போடு. உடம்பைக் கவனி.

அக்கா


ஜூலை 15, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தில் எட்டு வரி அப்பாவுக்கு, ஒரு வரிகூடக் குட்டிக்கு இல்லை. போகட்டும்.

குட்டிக்குக் காய்ச்சல். திங்கள்கிழமையிலிருந்து பால் இறங்கவில்லை. 480 ஆகிவிட்டது. காது கொதிக்கிறது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஆமாம், நானேதான். என் கையைக் கடிக்கப் பார்த்தது, குறி தவறித் தன் காலையே கடித்துக்கொண்டது. டாக்டரம்மா பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறார், திங்கள்தான் வருவார்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. கணக்குப் போட்டேன். அறுபது கிலோ மனிதனுக்கு ஒரு காய்ச்சல் மாத்திரை, 500 மில்லிகிராம். 480 கிராம் குட்டிக்கு எவ்வளவு? சரியாக நான்கு மில்லிகிராம். ஊரில் வேறு யாரும் இதை அளந்து கொடுக்க முடியாது, நான் முடியும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துல்லியத் தராசில் மாத்திரைப் பொடியை நிறுத்து நான்கு மில்லிகிராம் பொட்டலம் கட்டிவிட்டேன். பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. சனிக்கிழமை மாலை வரை பார்ப்பேன். சூடு குறையாவிட்டால் பாலில் கலந்து கொடுத்துவிடுவேன்.

உனக்கு முழங்கால் எப்படி?

தம்பி


ஜூலை 17, வெள்ளி

தம்பி,

மாத்திரை கொடுக்காதே. எவ்வளவு சின்ன அளவும் வேண்டாம். பட்டறைக்கு மூன்று தடவை போன் செய்தேன், நீ வெளிவேலைக்குப் போயிருந்தாய். லேத் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், உன் மேஜையில் எழுதி வைக்கச் சொன்னேன். கொடுக்காதே.

அக்கா


ஜூலை 20, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுக்கவில்லை. லேத் அண்ணன் மேஜையில் எழுதி வைக்கவில்லை. தராசின் கண்ணாடிப் பெட்டி மேலேயே சாக்பீஸால் 'மாத்திரை கூடாது - அக்கா' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். "உங்க அக்கா போன்ல அழுதாங்கப்பா. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றார்.

ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே இரண்டு நாளை ஓட்டினேன். இன்று டாக்டரம்மா வந்தார். ஊசி போட்டார், சூடு இறங்குகிறது. பொட்டலத்தைக் காட்டினேன். பூனை உடம்புக்கு அந்த மருந்தை உடைக்கத் தெரியாதாம். ரத்தத்தையே கெடுத்துவிடுமாம். நான்கு மில்லிகிராமே இதற்குப் போதுமாக இருந்திருக்கும் என்றார். "நீங்க சரியாத்தான் நிறுத்திருக்கீங்க. தப்பான மருந்தை" என்றார்.

அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா, மாவு இருந்த அந்த மூன்று நாளைத் தவிர நீ பூனை வளர்த்ததில்லை. நான் டிப்ளமோ படித்தவன், எனக்கே தெரியவில்லை. உனக்கு எப்படித் தெரியும்? நலம் என்றுகூடச் சொல்லாமல் நீ எழுதிய முதல் கடிதம் அது. எதற்கு அழுதாய்? சுற்றி வளைக்காமல் எழுது.

தம்பி


ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இரு. நான் உடம்புக்கு நலம்.

மாவு மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உனக்குக் காய்ச்சல் வந்தால் நான்தான் மாத்திரையில் கால்வாசி உடைத்து, தேனில் குழைத்துக் கொடுப்பேன். மறுநாள் காலையில் எழுந்து ஓடுவாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் மாவுக்கு உடம்பு சுட்டது. நீ அழுதுகொண்டே போய்ப் படுத்தாய். உனக்குக் கொடுக்கிற அதே கால்வாசியை, அதே மாதிரி குழைத்துக் கொடுத்தேன். நக்கிக்கூடச் சாப்பிட்டது.

விடியும்போது எழுந்து பார்த்தேன். ஈறெல்லாம் கருத்துப்போய்ப் பெட்டியில் விறைத்துக் கிடந்தது. அப்பா காலை டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார். அடுப்பு மேடையில் முக்கால் மாத்திரை கிடந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. பஸ் கண்ணாடி துடைக்க வைத்திருக்கும் மஞ்சள் துணியில் அதைச் சுற்றிப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய், கால்மணி நேரத்தில் திரும்பி வந்து கை கழுவினார். "நீ தூங்கிட்டிருந்த. உனக்கு ஒண்ணும் தெரியாது. அவன் கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார். நீ எழுந்து வரும் சத்தம் கேட்டுத்தான் பிரஷ்ஷை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

சளி முற்றித்தான் செத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரை பூனைக்கு விஷம் என்று பல வருஷம் கழித்து விடுதி நர்ஸ் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள். அன்று சாயங்காலம் பெண்களின் வருகைப் பதிவேட்டைத் தலைகீழாக வைத்துக்கொண்டு பேர் வாசிக்கப் பார்த்தேன்.

உன்னோடு மார்க்கெட்டுக்கு வந்தேன். உனக்குச் சமமாகக் கூப்பிட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ அப்பாவோடு பேசாமல் போனதை வருஷம் வருஷமாகப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. அவரும் என்னைத் திறக்கச் சொல்லவில்லை. எங்களுக்குள்ளும் இதைப் பற்றி ஒரு பேச்சு வந்ததில்லை.

குட்டியை வேண்டாம் என்று நான் எழுதியது உனக்காக இல்லை. இனி நீயே முடிவு செய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 28

அக்கா,

கடிதம் வந்தது. நலம். பிறகு எழுதுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 9, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய்? தூக்கம் வருகிறதா? வழக்கத்துக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும்.

பன்னிரண்டு நாள் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் இரண்டு நாள் கோபம்தான், யார் மேல் என்று தெரியாத கோபம். மூன்றாம் நாள் உட்கார்ந்து யோசித்தேன். உனக்குப் பதினைந்து வயசு, கையில் இருந்தது ஒரு மாத்திரை அட்டை. எனக்கு இருபத்தைந்து, கையில் மில்லிகிராம் தராசு. நானும் அதே இடத்துக்குத்தான் வந்து நின்றேன். என்னைத் தடுக்க ஓர் அக்கா இருந்தாள், உன்னைத் தடுக்க யாரும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கு ஆறுதல் சொல்ல வராது. மார்க்கெட்டில் நீ கூப்பிட்டதும் எனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

31ஆம் தேதி பட்டறையைக் காலி செய்தோம். கடைசி லாரி நின்றுகொண்டிருந்தது. "என்னப்பா, குடிகாரன் டாக்டரம்மாகிட்டயா, உன்கிட்டயா?" என்றார் லேத் அண்ணன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். குட்டி வெறும் அறையின் நடுவில் நின்றுகொண்டு, அதாவது நிற்கப் பார்த்துக்கொண்டு, என் பக்கம் வரக் கிளம்பியது. ஆறு தடவை விழுந்தது. நான் கிட்டப் போய்த் தூக்கவில்லை, எண்ணிக்கொண்டு நின்றேன். வந்து சேர்ந்துவிட்டது. சேர்ந்ததும் என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது.

முத்திரை வைத்த எடைக்கற்கள் இருக்கும் பெட்டி தெரியுமா, உள்ளே வெல்வெட் மெத்தை போட்டது. கற்களை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டேன். பெட்டியில் குட்டியை வைத்தேன். முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "சோத்துப் பையிலயாடா போடுவ கல்லை?" என்றார். எல்லாக் கல்லையும் மறுபடி சரிபார்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மூன்று நாள் அந்த வேலைதான் பார்த்தேன்.

ஏன் எடுத்தாய் என்று கேட்காதே. எப்படிக் கணக்குப் போட்டாலும் வேண்டாம் என்றுதான் வருகிறது.

படிக்கட்டு வாசலில் பலகை அடித்திருக்கிறேன். தரை முழுக்கச் சாக்கு விரிப்பு. கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மா, மிருகம் கூடாது என்று சொல்லத்தான் மேலே வந்தார். குட்டி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டியது. "என்ன இது, நான் பேசறதுக்கு முன்னாடியே இல்ல இல்லங்குது" என்று உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்தில் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

நேற்று அவர் வீட்டுப் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். "யாரு?" என்று இரண்டு தடவை கேட்டார். கண் எப்படி என்றேன். எல்லாம் வெள்ளைவெளேர் என்று தெரிகிறதாம், சுவரில் இருக்கிற அழுக்கெல்லாம் தெரிகிறதாம். பிறகு வீட்டில் ஒரு பூனைக்குட்டி இருக்கிறது, நோயாளி, நடக்க வராது என்றேன்.

"கண்ணுல தண்ணி வருதா?" என்றார்.

"வந்துச்சு. இப்ப நின்னுடுச்சு."

அப்புறம் சொன்னார்: "அன்னைக்கு அந்த வெள்ளைக் குட்டியை மார்க்கெட்ல ஒரு மீன்காரம்மா தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க. நான் நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன். நல்லா வளர்ந்திருக்கும்."

பதினாறு வருஷத்தில் அந்த மீன்காரம்மாவை அவர் சொன்னதே இல்லை. எப்போது உண்டாக்கி வைத்தாரோ, யாரிடம் சொல்வதற்காக இத்தனை நாள் வைத்திருந்தாரோ. பொய் எடை காட்டும் தராசைக் கடைக்காரர் முகத்துக்கு நேராக மூடி சீல் வைக்கிறவன் நான். எதற்கும் தயங்கினதில்லை. வாயைத் திறந்தேன்.

"ஆமாப்பா. வளர்ந்திருக்கும்" என்றேன்.

அதற்குப் பிறகு குட்டி என்ன சாப்பிடுகிறது, எந்தப் பக்கமாகப் படுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லையா? எழுது.

தம்பி